வலது கண்ணை மூடுனப்ப தான் தெரிஞ்சுது

நான் திண்டுக்கல் பக்கம் கல்யாண போட்டோகிராபர், 21 வருஷமா இதே தொழில். வயசு 46. ஆறாங்கிளாஸ்ல கண்ணாடி போட ஆரம்பிச்சது, ரெண்டு கண்ணும் மைனஸ் ஒன்பது, சோடாபுட்டின்னு ஸ்கூல்ல கூப்புடுவாங்களே அந்த ரகம். மூணு வருஷத்துக்கு முன்னாடி இடது கண்ணுல ரெட்டினா (கண்ணுக்குள்ள பின்சுவத்துல ஒட்டியிருக்குற, வெளிச்சத்தை வாங்குற திரை) கழண்டுச்சு. அது கழண்டுக்கிட்டே இருந்த நாள்ல நான் ரெண்டு கல்யாணம், ஒரு வளைகாப்பு, ஒரு காதுகுத்து எடுத்து முடிச்சிருக்கேன், எனக்கு ஒண்ணுமே தெரியல. கண்ணை வெச்சுப் பொழைக்கிற எனக்கே தெரியலைன்னா மத்தவங்களுக்கு எப்படித் தெரியும்னு நெனச்சு தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

நிலக்கோட்டை பக்கம் ஒரு மண்டபம், ஆவணி மாச முகூர்த்தம். ஐயர் நெய்யை ஊத்த ஊத்த ஹோமப் புகை நேரா என் பக்கம் அடிச்சு வலது கண்ணு எரிய ஆரம்பிச்சுது. எங்க தொழில்ல வியூஃபைண்டர்ல எப்பவும் வலது கண்ணு தான், இடதை மூடிக்குவோம், 21 வருஷமா அப்படியே பழக்கம். அன்னிக்கு எரிச்சல்ல வலதை மூடிட்டு இடது கண்ணால மட்டும் மேடையைப் பாத்தேன். மாப்பிள்ளை முகம் இருக்கு, தலைப்பாகை இருக்கு, பின்னாடி வாழைமரம் இருக்கு, ஆனா கீழ வலது மூலைல இருக்க வேண்டிய தாம்பாளம், தேங்காய், பழத்தட்டு எதுவும் இல்ல. அந்த இடத்துல சாம்பல் கருப்பா ஒரு நிழல், அதோட ஓரம் லேசா அலையுது. வலது கண்ணைத் தொறந்தேன், தாம்பாளம் வந்துடுச்சு. மூடுனேன், போயிடுச்சு.

கூட இருந்த தம்பிகிட்ட "நீ கொஞ்சம் கேமராவைப் புடி"ன்னேன். "அண்ணே, தாலி கட்டப் போறாங்கண்ணே, என்னாச்சு?"ன்னான். சரின்னு தாலி கட்டு வரைக்கும் நானே எடுத்தேன் (வலது கண்ணு தான் நல்லா இருக்கே), முடிஞ்சதும் அவன் கைல குடுத்துட்டு வத்தலகுண்டு வந்து மதுரைக்கு பஸ் ஏறிட்டேன். அன்னிக்கு வீட்டுக்குப் போயி தூங்கிப் பாக்கலாம்னு நெனைக்காம நேரா பஸ் ஏறுனது தான் நான் செஞ்ச ஒரே உருப்படியான காரியம்.

ஆஸ்பத்திரில சொட்டு மருந்து விட்டு, அரை மணி நேரம் உக்கார வெச்சு, கண் பாப்பா நல்லா விரிஞ்சதுக்கு அப்புறம் டாக்டரம்மா தலைல லைட்டு மாட்டிக்கிட்டு கைல ஒரு லென்ஸோட மேல பாருங்க, மேல இடது பக்கம் பாருங்க, கீழ பாருங்கன்னு ரொம்ப நேரம் பாத்தாங்க. பாத்துக்கிட்டே "எத்தனை நாளா மின்னல் மாதிரி வெட்டுது?"ன்னு கேட்டாங்க. நான் மின்னலைப் பத்தி வாயே தொறக்கல. அப்ப தான் எனக்கு உடம்பு சில்லுன்னு ஆச்சு, ஏன்னா மின்னல் வந்துக்கிட்டு தான் இருந்துச்சு, ரெண்டு வாரமா.

நைட்டு ஆல்பம் வேலை முடிச்சு லைட்டை அணைச்சதும், கண்ணை சட்டுனு திருப்புனா ஓரத்துல வெள்ளையா பிறை மாதிரி ஒரு வெளிச்சம் வந்துட்டு போகும். நான் நாள் முழுக்க ஃப்ளாஷ் அடிக்கிறவன், அதோட மிச்சம்னு விட்டுட்டேன். ஆனா ஃப்ளாஷ் பாத்தா மிஞ்சுறது வேற மாதிரி இருக்கும், ஒரு திட்டு மாதிரி நம்ம பாக்குற எடத்துலயே ஒட்டிக்கிட்டு நிக்கும், கலர் மாறும், கொஞ்சம் கொஞ்சமா மங்கும். இது அப்படி இல்ல, இருட்டுல, கண்ணு அசையுறப்ப, ஓரத்துல, ஒரு நொடி கூட நிக்காம. இந்த வித்தியாசத்தை ஒருத்தர் எனக்கு முன்னாடியே சொல்லிருந்தா ரெண்டு வாரம் முன்னாடியே லேசரோட வேலை முடிஞ்சிருக்கும்.

அந்த மின்னல் எங்கேர்ந்து வருதுன்னு சொல்றேன். கண்ணுக்குள்ள லென்ஸுக்குப் பின்னாடி பெரிய இடம் முழுக்க ஒரு ஜெல்லு இருக்கு, 98, 99 சதவீதம் தண்ணி தான், நுங்கு மாதிரி. வயசாக ஆக அந்த நுங்கு இளகி தண்ணி விட்டு, பின்னாடி ரெட்டினால ஒட்டிருக்குற இடத்துலேர்ந்து விலக ஆரம்பிக்கும். பெரும்பாலானவங்களுக்கு சும்மா விலகிடும். சில பேருக்கு ஒட்டிக்கிட்ட இடத்துல புடிச்சு இழுக்கும். ரெட்டினாவுக்கு வலி தெரியாது, வலி சொல்ற நரம்பே அதுல கிடையாது. அதுக்குத் தெரிஞ்ச ஒரே பாஷை வெளிச்சம். இழுத்தாலும் அமுக்குனாலும் அது மூளைக்கு "வெளிச்சம்"னு தான் சொல்லும். 1660கள்ல நியூட்டன் ஒரு தடிச்ச ஊசியை தன்னோட கண்ணுக்கும் எலும்புக்கும் நடுவுல விட்டு அமுக்கிப் பாத்து, வெள்ளையும் கருப்பும் கலருமா வட்டம் தெரிஞ்சுதுன்னு நோட்டுல எழுதி வெச்சிருக்கார் (யாரும் செஞ்சு பாத்துடாதீங்க). ஆக வெளிய வெளிச்சமே இல்லாதப்ப உள்ள மின்னுச்சுன்னா, உள்ள எதையோ எதுவோ இழுக்குதோன்னு சந்தேகப்படணும்.

இன்னொரு அறிகுறியையும் நான் தொழில் புத்தியாலயே கோட்டை விட்டேன். மின்னலுக்கு ரெண்டு நாள் கழிச்சு வானத்தைப் பாத்தா பெரிய கொசு ஒண்ணு மிதந்துச்சு, அப்புறம் மிளகுத்தூள் தூவுன மாதிரி புள்ளி புள்ளியா. கண்ணாடியைத் துடைச்சேன், லென்ஸைத் துடைச்சேன். கேமரா வெச்சிருக்குறவங்களுக்கு ஒரு விஷயம் தெரியும், சென்சார்ல (கேமராவுக்குள்ள படம் பதியுற தகடு) தூசி இருந்தா எஃப் 2.8ல (லென்ஸ் துவாரம் பெருசு) தெரியாது, எஃப் 16 (துவாரம் சின்னது) வெச்சு வானத்தை எடுத்தா பளிச்சுனு தெரியும். துவாரம் சின்னதானா வெளிச்சம் ஒரே திசைலேர்ந்து வரும், தூசியோட நிழல் கூர்மையா விழும், அவ்வளவு தான் காரணம். கண்ணுலயும் அதே தான். வெயில்ல பாப்பா சுருங்குறப்ப, வெள்ளைச் சுவத்தையோ வானத்தையோ பாக்குறப்ப, ஜெல்லுக்குள்ள மிதக்குற தூசியோட நிழல் ரெட்டினால கூர்மையா விழும். வீட்டுக்குள்ள மங்கலா ஆயிடும், சரியாயிடுச்சுன்னு நெனச்சுக்குவோம். பழசா ஒண்ணு ரெண்டு மிதக்குறது பல பேருக்கு இருக்கும், அதுக்கு பயப்பட வேண்டாம். திடீர்னு புதுசா நிறைய வந்தா, அதுவும் மின்னலோட சேந்து வந்தா, ரெட்டினா கிழிஞ்சு ரத்தத் துளியோ நிறமித் தூளோ சிந்திருக்கலாம். என்னோட மிளகுத்தூள் அது தான்.

ஒரு கண்ணாடிக் கடைல போயி கேட்டேன், அவரு பவர் மட்டும் செக் பண்ணிட்டு "பவர் மாறல, கண்ணு காய்ஞ்சிருக்கு"ன்னு அனுப்பிட்டாரு. அவரை நான் தப்பு சொல்லல. பவர் செக் பண்றது எழுத்து நடுவுல தெளிவா விழுதான்னு பாக்குறது. ரெட்டினாவோட ஓரம் கிழிஞ்சிருந்தாலும் கடைசி வரி எழுத்தைப் படிச்சுடலாம், நான் படிச்சேன். அதனால மின்னல், புதுத் தூசி, திரை மாதிரி நிழல் இந்த மூணுல எது வந்தாலும் "சொட்டு மருந்து விட்டு பாப்பாவை விரிச்சு ரெட்டினா ஓரம் வரைக்கும் பாருங்க"ன்னு வாய் விட்டுக் கேளுங்க, அன்னிக்கே கேளுங்க. ரெட்டினா டாக்டர் இருக்குற ஆஸ்பத்திரியா போங்க. கூட ஆள் வேணும், மருந்து விட்டா அஞ்சாறு மணி நேரம் வெயில் கூசும், கிட்டத்துல எழுத்து தெரியாது, வண்டி ஓட்டவே கூடாது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், எப்படி இவ்வளவு பெரிய நிழல் எனக்குத் தெரியாமப் போச்சு? டாக்டரம்மா ஒரு பேப்பர்ல கண்ணு படம் வரைஞ்சு காட்டுனாங்க. கிழிசல் இருந்தது இடது கண்ணுல மேல, காது பக்கம். ஆனா நிழல் தெரிஞ்சது கீழ, மூக்கு பக்கம். கேமராவுல சென்சார்ல படம் தலைகீழா விழுற மாதிரி தான் கண்ணுலயும், மேலயிருக்குறது கீழ, இடதுல இருக்குறது வலதுல. 1604ல கெப்ளர்ங்கிற வானியல் அறிஞர் இதை எழுதுனப்ப அப்புறம் எப்படி நேரா தெரியுதுன்னு எல்லாரும் குழம்புனாங்களாம், அதைத் திருப்புறது மூளையோட வேலை, கண்ணோடது இல்ல. நிழல் கீழேர்ந்து ஏறுனா ரெட்டினா மேலேர்ந்து இறங்குதுன்னு அர்த்தம், மேலேர்ந்து இறங்குறது புவியீர்ப்போட சேந்து வேகமா இறங்கும்.

அப்புறம் மூக்குப் பக்கம். ரெண்டு கண்ணும் பாக்குற பரப்பு நடுவுல பெரும்பகுதி ஒண்ணு மேல ஒண்ணு விழுது. இடது கண்ணோட மூக்குப் பக்கப் பார்வை முழுக்க வலது கண்ணோட பரப்புக்குள்ள அடங்கிடும், ஒவ்வொரு கண்ணுக்கும் தனியா சொந்தம்னு இருக்குறது காது ஓரத்துல ஒரு சின்னத் துண்டு தான். என்னோட ஓட்டை விழுந்தது சரியா மத்த கண்ணு மூடி மறைக்கிற இடத்துல. வலது கண்ணு கொடுத்த படத்தை வெச்சு மூளை ஒட்டு போட்டு முழுப் படமா காட்டிக்கிட்டே இருந்துச்சு.

மூளை இந்த வேலையை எப்பவும் செய்யுதுங்கிறதை நீங்களே இப்பவே பாத்துக்கலாம். இடது கண்ணை மூடுங்க. ரெண்டு கையையும் நேரா நீட்டி ரெண்டு கட்டை விரலையும் பக்கத்துல பக்கத்துல நிமித்தி வெச்சுக்குங்க. வலது கண்ணால இடது கட்டை விரல் நகத்தையே பாத்துக்கிட்டு, வலது விரலை மட்டும் மெதுவா வலப்பக்கம் நகத்துங்க. ஒரு சாண் தூரம் கிட்ட வர்றப்ப வலது விரல் நுனி காணாமப் போகும், இன்னும் நகத்துனா திரும்ப வரும். காணலைன்னா விரலை லேசா மேல கீழ நகத்திப் பாருங்க, கண்ணு மட்டும் அந்தப் பக்கம் ஓடக் கூடாது. அங்க தான் நரம்பு கண்ணை விட்டு வெளிய போற இடம், வெளிச்சம் வாங்குற செல்லே அங்க கிடையாது. எட்ம் மாரியாட்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1660கள்ல கண்டுபிடிச்சது. கவனிச்சுப் பாருங்க, விரல் போன இடத்துல கருப்பா ஓட்டை தெரியாது, பின்னாடி சுவரு இருந்தா சுவரு தான் தெரியும். மூளை சுவத்தை இழுத்து மூடிடுது. பொறந்ததுலேர்ந்து ரெண்டு கண்ணுலயும் ஓட்டை இருக்கு, நமக்கு ஒரு நாளும் தெரிஞ்சதில்ல.

கண்ணு ஒரு கேமரான்னு நானே எத்தனையோ பேருக்கு சொல்லிருக்கேன், இப்ப சொல்றதில்ல. ரெட்டினால மங்கின வெளிச்சத்துக்குன்னு சுமார் 12 கோடி செல்லு, கலருக்கும் நுணுக்கத்துக்கும் சுமார் 60 லட்சம் செல்லு, ஆனா அங்கேர்ந்து மூளைக்குப் போற நரம்பு இழை பத்துப் பன்னெண்டு லட்சம் தான். அதனால கண்ணுலயே பாதி வேலை நடந்து சுருக்கி தான் அனுப்பப்படுது. அதுவும் அந்த செல்லெல்லாம் ரெட்டினாவோட பின்பக்கத்துல, முதுகைக் காட்டிக்கிட்டு இருக்கு, வெளிச்சம் நரம்பு அடுக்கையெல்லாம் தாண்டி தான் அதுகிட்ட போகணும். ஏன் அப்படின்னா அதுக்கு சாப்பாடும் ஆக்சிஜனும் பின்னாடி இருக்குற அடுக்குலேர்ந்து வருது. ரெட்டினா கழண்டா என்ன ஆகுதுன்னா, கிழிசல் வழியா தண்ணி உள்ள பூந்து சுவத்துலேர்ந்து வால்பேப்பர் உரியுற மாதிரி உரிஞ்சு, அந்த செல்லு சாப்பாட்டை விட்டுத் தள்ளி வந்துடுது. அப்புறம் ஒவ்வொரு நாளா செத்துக்கிட்டு வரும். நடுப்பார்வை இருக்குற மேகுலா உரியுறதுக்கு முன்னாடி ஆபரேஷன் பண்ணா பழைய பார்வை கிட்டத்தட்ட கிடைக்கும், உரிஞ்சதுக்கு அப்புறம்னா கிடைக்கிறது கிடைக்கும். எனக்கு மேகுலாவுக்கு ரொம்பப் பக்கத்துல வந்து நின்னுச்சு. மறுநாள் காலைல ஆபரேஷன்.

உள்ள இருந்த ஜெல்லை எடுத்துட்டு, ரெட்டினாவை ஒட்ட வெச்சு, கிழிசலைச் சுத்தி லேசர் போட்டு, சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடுங்கிற கேஸை நிரப்பி விட்டாங்க. கேஸ் குமிழி மேல மிதந்து ரெட்டினாவை அழுத்திப் புடிச்சுக்கும், லேசர் தழும்பு ஆறுற வரைக்கும். 1920 வாக்குல சுவிட்சர்லாந்துல லோசான் ஊர்ல ஜூல் கோனின்னு ஒரு டாக்டர் கிழிசலைக் கண்டுபிடிச்சு அடைச்சா தான் ரெட்டினா ஒட்டும்னு நிரூபிக்கிற வரைக்கும் இந்த வியாதி வந்தவங்களுக்கு அனேகமா அந்தக் கண்ணு போன மாதிரி தான், அதுக்கு முன்னாடி காலத்துல எனக்கு இது வந்திருந்தா நானும் அப்படித் தான்.

முதல் நாள் குப்புற, அப்புறம் வலது கன்னம் தலகாணில படுற மாதிரி ஒருக்களிச்சு, ஒரு வாரம். கிழிசல் எங்க இருக்கோ அந்த இடம் மேல வர்ற மாதிரி தான் படுக்கச் சொல்வாங்க, உங்களுக்கு சொல்ற திசை வேறயா இருக்கும். குப்புறப் படுக்க ரெண்டு தலகாணி நடுவுல மூக்குக்கு இடம் விட்டு வெச்சா மூச்சு முட்டாது. வீட்டுக்காரம்மா இட்லியைப் பிச்சு பிச்சு தட்டுல போட்டு மடில வெச்சாங்க, தலையைத் தூக்காமலே சாப்புட்டேன். "என்னங்க, தெரியுதா, தெரியுதா?"ன்னு மணிக்கொருக்கா கேப்பாங்க.

தெரியல. கேஸ் வழியா பாத்தா எல்லாம் கலங்கல். சின்ன வயசுல கிணத்துல முங்கி கண்ணைத் தொறந்தா கலங்கலா தெரியுமே, அதுக்கு நேர் எதிர் காரணம். கண்ணோட ஃபோகஸ் பவர்ல மூணுல ரெண்டு பங்கு முன்னாடி இருக்குற கருவிழியோடது (கார்னியா, கண்ணாடி மாதிரி தெளிவான முன்படலம்), உள்ள இருக்குற லென்ஸோடது மிச்சம் தான். வெளிச்சம் காத்துலேர்ந்து கருவிழிக்குள்ள நுழையுறப்ப நல்லா வளையும், தண்ணிக்குள்ள அந்த வித்தியாசம் போயிடுறதால வளையாது. எனக்கு லென்ஸுக்குப் பின்னாடி ஜெல்லுக்குப் பதிலா கேஸ், அங்க வித்தியாசம் திடீர்னு கூடிப் போச்சு, லென்ஸு அளவுக்கு மீறி வளைக்குது. அதனால தூரத்துல ஒண்ணும் தெரியாது, ஆனா விரலைக் கண்ணிமைல ஒட்டுற அளவுக்குக் கிட்ட கொண்டு வந்தா ரேகை ஒவ்வொண்ணும் உழுத வயல் மாதிரி தெரிஞ்சுது. பயந்து போயிருந்த எனக்கு அது பெரிய தைரியம். செல்லு உயிரோட இருக்கு, ஃபோகஸ் தான் இல்லைன்னு புரிஞ்சுது.

பத்து நாள் கழிச்சு குமிழி சுருங்க ஆரம்பிச்சுது, மேல தெளிவு, கீழ கலங்கல், நடுவுல கொத்தனார் வெக்கிற மட்டக்குழாய் மாதிரி ஒரு கோடு, நான் நடந்தா அது தளும்பும். குமிழி உண்மைல கண்ணுக்குள்ள மேல மிதக்குது, எனக்கு கீழ தெரியுது, மறுபடியும் கெப்ளர் சொன்ன தலைகீழ் தான். மூணு வாரத்துல பாசிமணி அளவுக்கு வந்து ஒரு நாள் காலைல காணோம்.

அந்த மூணு வாரத்துல ஒரு விஷயத்துல ரொம்ப கவனமா இருக்கணும். எனக்கு கொடைக்கானல்ல ஒரு கல்யாண புக்கிங் இருந்துச்சு. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம், கீழ விட காத்தழுத்தம் கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு கம்மி, கண்ணுக்குள்ள இருக்குற கேஸ் விரிஞ்சு அழுத்தம் ஏறி ரத்த ஓட்டமே நின்னு பார்வை போயிடலாம். ப்ளேன்லயும் அதே தான். வேற எதுக்காவது மயக்க மருந்து குடுக்க வேண்டி வந்தா கண்ணுல கேஸ் இருக்குன்னு சொல்லியே ஆகணும், மயக்கத்துக்குக் குடுக்குற நைட்ரஸ் ஆக்சைடுங்கிற கேஸ் அந்தக் குமிழிக்குள்ள பூந்துடும். ஆஸ்பத்திரில கைல ஒரு பட்டை கட்டி விட்டாங்க, அதைக் கழட்டாதீங்க. புக்கிங்கை நண்பருக்கு மாத்தி விட்டுட்டேன்.

ஒண்ணரை வருஷத்துல அந்தக் கண்ணுல புரை விழுந்துச்சு, இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் அது வழக்கமா வர்றது தான். அதை எடுத்து செயற்கை லென்ஸ் வெச்ச மறுநாள் கட்டைப் பிரிச்சாங்க, நர்ஸம்மா போட்டிருந்த கோட்டு இடது கண்ணுக்கு நீலம் கலந்த வெள்ளை, வலது கண்ணுக்கு பழைய காகிதம் மாதிரி மஞ்சள். வயசாக ஆக நம்ம லென்ஸு மஞ்சளடிச்சு நீலத்தை வடிகட்டிக்கிட்டே வரும், மூளை வெள்ளையை வெள்ளைன்னே சொல்லிக்கிட்டிருக்கும். இத்தனை வருஷமா நான் கரெக்ட் பண்ணிக் குடுத்த ஆல்பம் எல்லாம் அந்த மஞ்சள் கண்ணால பாத்தது. இப்ப கலர் வேலைக்கு கண்ணை நம்புறதில்ல, கலர் அளக்குற மீட்டரும் கிரே கார்டும் (கலர் சரி பாக்குற சாம்பல் அட்டை) தான்.

மைனஸ் பவர் அதிகம் உள்ளவங்க இதைக் கண்டிப்பா தெரிஞ்சுக்கணும். சாதாரணக் கண்ணு முன்னாடிலேர்ந்து பின்னாடி வரைக்கும் சுமார் 24 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீண்டா சுமார் மூணு பவர் ஏறும், என்னோடது 27 கிட்ட. நீண்ட கண்ணுல ரெட்டினா இழுபட்டு ஓரம் மெலிஞ்சு இருக்கும், கிழியுற வாய்ப்பு ஜாஸ்தி. என் அசிஸ்டண்ட் தம்பிக்கு மைனஸ் ஆறு, கல்யாணத்துக்கு முன்னாடி லேசிக் (கண்ணாடி போடாம இருக்குறதுக்கு லேசர் சிகிச்சை) பண்ணிக்கிறேன்னான். பண்ணிக்கோ, ஆனா அது கருவிழியைத் தான் செதுக்கும், கண்ணோட நீளம் அப்படியே இருக்கும், கண்ணாடி போனாலும் வருஷா வருஷம் ரெட்டினா பாக்கணும்னு சொல்லி நானே கூட்டிட்டுப் போனேன்.

எனக்கு வலது கண்ணுலயும் ஓரத்துல ஒரு சின்ன ஓட்டை இருந்துச்சு, அங்க ரெட்டினா கழல ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே உக்கார வெச்சு பத்து நிமிஷத்துல லேசர் போட்டு அடைச்சுட்டாங்க. பச்சை லேசர், அது கருவிழியையும் லென்ஸையும் சூடாக்காம கண்ணாடி ஜன்னல் மாதிரி தாண்டிப் போயி, பின்னாடி கருப்பு நிறமி இருக்குற அடுக்குல மட்டும் சூடாகி வெல்டிங் வெச்ச மாதிரி ஒட்டும். இடது கண்ணுக்கு ஆன செலவையும் பட்ட பாட்டையும் இதோட பக்கத்துல வெச்சுப் பாத்தா அழுகை வருது.

இப்ப தினமும் காலைல காலண்டர்ல தேதி கிழிக்கிறப்ப ஒரு வேலை. கண்ணாடியோட நின்னு வலதை மூடி காலண்டர் நடுவுல இருக்குற தேதியையே பாப்பேன், நாலு மூலையும் இருக்கா, கட்டம் கட்டமா இருக்குற கோடு நேரா இருக்கா, சுவர்க்கடிகாரம் ஓரத்துல தெரியுதா. அப்புறம் இடதை மூடி அதே மாதிரி. அரை நிமிஷம் ஆகாது. எட்டாவது படிக்கிற பொண்ணும் செய்யுறா, அவளுக்கு இப்பவே மைனஸ் மூணு.

தை மாசம் வருஷ செக்கப். டாக்டரம்மா குடுத்த தேதி முகூர்த்த நாள், ரெண்டு பார்ட்டி வந்து கேட்டாங்க, அன்னிக்கு டேட் இல்லைன்னு சொல்லிட்டேன்.